மழைநீரும் தலைக்குளியலும்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், மஞ்சக்குப்பத்திலிருந்தும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் என்னிடம் வேதியியல் படித்த பழைய மாணவிகளும் எங்கள் உறவுக்காரர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்ன விடைகளை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். கேள்விகளை மட்டும் அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டீச்சர், மழைத் தண்ணியில அப்படி என்னதான் இருக்கு? தலைக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

கூந்தலுக்கோ தோலுக்கோ ஊட்டம் தரும் பொருள் எதுவும் மழைநீரில் இல்லை. கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டின் உப்புகளும் அதில் மிகக் குறைவு என்பதே அதன் சிறப்பு. நிலத்தடி நீர் மண்ணுக்குள்ளும் பாறைக்குள்ளும் ஊறி வரும்போது இந்த உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மழைநீருக்கு அந்தப் பயணம் இல்லை. இந்த உப்புகளின் அளவையே தண்ணீரின் கடினத்தன்மை என்கிறோம்.

ஒரு லிட்டரில் 60 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருந்தால் அது மென்னீர் என்றும், 180-க்கு மேல் போனால் மிகக் கடின நீர் என்றும் பொதுவாக வகைப்படுத்துவார்கள். இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தின்படி 200 வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. ஆகவே குடிக்கத் தடையில்லாத தண்ணீர், தலைக்குக் குளிக்கும்போது படாத பாடு படுத்துவதில் வியப்பில்லை.

எங்க வீட்டு போர் தண்ணி உப்புக் கரிக்குது. இதைத்தான் கடினத் தண்ணின்னு சொல்றீங்களா?

இரண்டும் வேறு, ஆனால் கடலோரத்தில் இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சும்போது கடல்நீர் உள்ளே புகுந்து கிணற்றைக் கரிக்க வைக்கிறது. கடல்நீரில் மக்னீசியமும் கால்சியமும் ஏராளமாக இருப்பதால், தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற கடலை ஒட்டிய இடங்களில் கிணறு கரிக்கத் தொடங்கினால் அதன் கடினத்தன்மையும் கூடியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களிலோ, சற்றும் கரிக்காத இனிப்பான தண்ணீரும் கடினமாக இருக்கக்கூடும். ஆகையால் நாக்கை நம்ப வேண்டாம்.

அப்ப எங்க தண்ணி எப்படின்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஒன்றில் வீட்டுத் தண்ணீரையும் மற்றொன்றில் அதே அளவு மழைநீரையோ ஆர்ஓ தண்ணீரையோ ஊற்றி, இரண்டிலும் குளியல் சோப்பைச் சிறிது சீவிப் போட்டு, மூடிக் குலுக்குங்கள். ஷாம்பு இந்தச் சோதனைக்கு உதவாது; அதன் காரணம் அடுத்த விடையில் வருகிறது. மென்னீரில் நுரை பொங்கி நிற்கும். கடின நீரில் நுரை உடனே அடங்கி, தண்ணீர் பாலைப் போல் கலங்கி, மேலே திப்பி திப்பியாக அழுக்கு மிதக்கும். பக்கெட்டின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கும் வாட்டர் ஹீட்டர் சுருளில் சுண்ணாம்புப் படிவும் இதையே சொல்கின்றன.

கையடக்க டிடிஎஸ் மீட்டர் கரைந்துள்ள உப்புகள் அனைத்தையும் கூட்டிக் காட்டுமேயன்றிக் கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. எண்ணாகத் தெரிய வேண்டுமானால் கட்டணம் கட்டி நீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் கொடுப்பதே வழி; தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டந்தோறும் இத்தகைய ஆய்வகம் வைத்திருக்கிறது. அறிக்கையில் 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரியைப் பாருங்கள்.

சோப்புன்னா சரி, நான் ஷாம்புதான் போடுறேன். எனக்கும் ஏன் முடி சிக்குப் பிடிக்குது?

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. அது கால்சியத்தைச் சந்தித்தவுடன் தண்ணீரில் கரையாத கால்சியம் சோப்பாக மாறித் திப்பியாகப் படிகிறது. தலைக்கும் குளியல் சோப்பையே போடும் வழக்கம் நம் வீட்டு ஆண்களிடம் இன்னும் இருக்கிறது. அவர்கள் தலையில் காய்ந்தபின் வெள்ளையாக உதிர்வதில் ஒரு பகுதி பொடுகாக இல்லாமல் இந்தப் படிவாகவே இருக்கலாம். ஷாம்புவில் உள்ள சல்பேட் வகை நுரைப்பான்கள் இப்படிப் படிவதில்லை. சீயக்காயில் நுரை தரும் சபோனின்களும் கால்சியத்தோடு இத்தகைய அழுக்கை உண்டாக்குவதில்லை என்பதால், கடின நீர்க்காரர்களுக்கு அது இன்றும் பொருத்தமானதே.

ஷாம்புக்காரர்களின் சிக்கல் கடைசி அலசலில் இருக்கிறது. நீண்ட கூந்தலைப் பிழிந்த பிறகும் அதில் 100 மில்லிலிட்டர் தண்ணீர் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்பு கரைந்திருந்தால், துண்டால் துவட்டாமல் அப்படியே காயவிடும்போது 150 மில்லிகிராம் உப்பு கூந்தலிலேயே தங்கிவிடும். இது போக, நனைந்த முடி தானாகவே கொஞ்சம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சாயம் பூசிய முடியும் ரசாயனத்தால் நேராக்கிய முடியும் இன்னும் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். முடி சொரசொரப்பாகி, சீப்பில் மாட்டுவதற்கு இவையே காரணம்.

மழைத் தண்ணி ஒரு குடம்தான் கிடைச்சுது. முதல்ல ஊத்தணுமா, கடைசியில ஊத்தணுமா?

ஷாம்பு அல்லது சீயக்காய் என்றால் வழக்கமான தண்ணீரில் தேய்த்துக் குளித்து முடித்துவிட்டு, கடைசியாக 2 அல்லது 3 லிட்டர் மழைநீரைக் கூந்தலின் வேரிலிருந்து நுனி வரை மெதுவாக ஊற்றி அலசினால் போதும். முடியில் தங்கிக் காயப்போவது கடைசியாக ஊற்றிய தண்ணீரே என்பதை மேலே உள்ள கணக்கு காட்டுகிறது. சோப்புப் போடுபவர்கள் மட்டும் தொடக்கத்திலிருந்தே மழைநீரைப் பயன்படுத்த வேண்டும். திப்பி படிந்த பின் மழைநீரை ஊற்றினால் அது கரையாது.

பல மாதங்களாகப் பிடித்திருக்கும் கால்சியமும் வெறும் மழைநீருக்கு எளிதில் இளகிவிடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகரையோ அரை எலுமிச்சம்பழச் சாற்றையோ கலந்து, தேய்த்துக் குளித்தபின் தலையில் ஊற்றி, ஒரு நிமிடம் கழித்து மழைநீரால் அலசுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலையில் புண் இருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

மழைத் தண்ணியில குளிச்சா முடி கொட்டுறது நின்னுடுமா அக்கா?

நிற்காது. வேரோடு உதிர்வது வேறு, நடுவில் ஒடிவது வேறு. கடின நீர் முடியின் மேற்பரப்பைத்தான் தொடுகிறது. வேருக்குள் நடப்பதற்கு அது பொறுப்பல்ல. முடி ஒடிவதற்குக்கூட அது எந்த அளவுக்குக் காரணம் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2013-இல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, கடின நீரில் நனைத்த முடிக்கும் தூய நீரில் நனைத்த முடிக்கும் இழுவிசை வலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. பிற்பாடு வந்த வேறோர் ஆய்வு வலிமை குறைவதாகச் சொன்னது.

கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் தண்ணீரைக் குறை சொல்வதற்கு முன், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பு டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல் வந்ததா, பிரசவம் ஆனதா, இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டு கோளாறோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைநீர் பிடிக்கும் ஆர்வத்தில் ஓர் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது எனக்கு உடன்பாடில்லை.

மாடிக் குழாய்ல விழுறதைப் பிடிக்கலாமா, நேரா வானத்துலேர்ந்து விழுறதைத்தான் பிடிக்கணுமா?

குறைந்த அளவே வேண்டும் என்பதால் நேரடியாகப் பிடிப்பதே எளிது. துவைத்த வெள்ளை வேட்டியின் நான்கு முனைகளையும் திறந்த வெளியில் மரக்கிளையோ கூரையோ இல்லாத இடத்தில் கட்டி, நடுவில் கழுவிய கூழாங்கல் ஒன்றை வைத்து, அதற்கு நேர் கீழே குடத்தை வைத்துவிட்டால், தண்ணீர் துணியிலேயே வடிந்து விழும். 4 சதுர மீட்டர் துணியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40 லிட்டர். சிந்தியதும் வழிந்ததும் போக ஒரு குடம் தாராளமாக நிறையும். நம் பாட்டிமார் குடிநீருக்கே இப்படிப் பிடித்திருக்கிறார்கள்.

மாடியிலிருந்து பிடிப்பதானால் மாடி எதனால் ஆனது என்பதைப் பாருங்கள். வெயில் தாங்காமல் கோடையில் சுண்ணாம்பு அடித்த மொட்டை மாடியில் வடியும் மழைநீர், எந்த உப்பை வேண்டாம் என்கிறோமோ அதையே கரைத்துக்கொண்டு குழாய்க்கு வரும். புது சிமெண்ட் தளமும் சில பருவங்களுக்கு அப்படித்தான். கீற்றுக் கூரை பழுப்பு நிறச் சாற்றை இறக்கும். நாட்டு ஓட்டில் பாசி இருக்கும். துருப்பிடித்த தகரம் இரும்பைத் தரும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து பிடிக்கவே வேண்டாம். இவை எல்லாவற்றிலும் காக்கை, புறா, பல்லி, எலி ஆகியவற்றின் எச்சமும் உண்டு. கழுவிப் பெருக்கிய, சுண்ணாம்பு படாத பழைய காங்கிரீட் மாடியாக இருந்து, மழை தொடங்கியபின் குறைந்தது அரை மணி நேரத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிடித்தால், தலைமுடியை அலச அது போதும். முகத்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

எந்த மழையைப் பிடிக்கிறது? முதல் மழை நல்லதுன்னு எங்க மாமியார் சொல்றாங்க.

மாமியாரிடம் மரியாதையோடு மாற்றிச் சொல்ல வேண்டிய செய்தி இது. நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் முதல் மழைதான் காற்றில் இருக்கும் தூசியையும் புகையையும் கழுவிக்கொண்டு இறங்குகிறது. கோடை மழைக்கும் ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடியோடு வரும் மழைக்கும் இது பொருந்தும். தீபாவளி ஐப்பசியிலேயே வருவதால், பட்டாசுப் புகை அடங்காத அடுத்த ஒன்றிரண்டு நாள் மழையையும் விட்டுவிடுங்கள். அடைமழையாக இரண்டாம் நாள், மூன்றாம் நாள் பெய்வதைப் பிடியுங்கள். நம் பக்கத்தில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்தப் பருவத்திலேயே கிடைத்துவிடுவதால் பதறத் தேவையில்லை.

நாங்க சிப்காட் பக்கம் இருக்கோம். ஆசிட் மழைன்னு பயமுறுத்துறாங்களே?

மாசில்லாத காற்றில் பெய்யும் மழையே சற்று அமிலத்தன்மை உடையது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அதன் பிஎச் ஏறக்குறைய 5.6 இருக்கும் (பிஎச் என்பது அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்). நம் தோலின் மேற்பரப்போ 4.5 முதல் 5.5 வரை உள்ளது. குளியல் சோப்பு 9, 10 என்று காரப்பக்கம் நிற்கிறது. ஆகையால் இந்த அளவு அமிலம் தோலையோ முடியையோ கெடுக்காது.

நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் எரியும் இடங்களில் கந்தக டை ஆக்சைடு வெளிவந்து மழையின் அமிலத்தன்மையைக் கூட்டலாம். இருந்தாலும், ரசாயனத் தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையங்களும் அருகில் இருக்கும்போது நான் அதிகம் தயங்குவது அமிலத்தை எண்ணியல்ல. அதோடு சேர்ந்து இறங்கும் கரித்துகளையும் பெயர் தெரியாத ஆவிகளையும் எண்ணியே. குடிகாட்டிலோ நெய்வேலி அனல்மின் நிலையங்களுக்கு அருகிலோ குடியிருந்தால், காற்றில் வாடை இருக்கும் நாளில் பிடிக்காதீர்கள். பிடித்த தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஓர் இரவு வைத்து, அடியில் கரி படிந்தால் செடிக்கு ஊற்றிவிடுங்கள். அதே ஊரில் ஆர்ஓ தண்ணீர் கிடைக்கும்போது இவ்வளவு பாடுபடத் தேவையும் இல்லை.

புயல் மழைத் தண்ணி?

2011 டிசம்பர் 30-இல் தானே புயலும் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் நம் கரையில் ஏறியதை இங்குள்ள யாரும் மறக்கவில்லை. அத்தகைய காற்று கடல் அலையின் திவலைகளை வாரிக்கொண்டு வருவதால், கரையோரத்தில் பெய்யும் மழையிலேயே உப்பு கலந்திருக்கும். காற்று அடங்கி மறுநாள் பெய்யும் மழைக்கு அந்தக் குறை குறைவு.

தெருவிலும் வாசலிலும் தேங்கி நிற்பது மழைநீர் ஆகாது. தென்பெண்ணையும் கெடிலமும் கரை மீறும்போது ஊருக்குள் வரும் தண்ணீரில் சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும். காலில் சிறு சிராய்ப்பு இருந்தாலே எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதை முகம் கழுவக்கூட எடுக்கக் கூடாது.

பிடிச்சதை எத்தனை நாள் வெச்சிருக்கலாம்?

மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டில் சேர்த்து வைத்த தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். வாய் அகன்ற டிரம்மில் பிடித்து, தட்டால் பாதி மூடி வைப்பது கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டுவது போன்றது. நெருக்கமாக நெய்த துணியால் வாயைக் கட்டுங்கள். காலி செய்தபின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் தாங்கும்.

பித்தளை அண்டாவில் வெச்சா இன்னும் நல்லதாமே?

எவர்சில்வரில் வையுங்கள். சற்று அமிலமான, உப்புக் குறைந்த மழைநீர் செம்பையும் துத்தநாகத்தையும் எளிதில் கரைக்கும். செம்பு நரைமுடியிலும் வெளுத்த முடியிலும் பச்சைச் சாயல் ஏற்றும்.

குழந்தைக்கு உடம்பெல்லாம் கரப்பான். மழைத் தண்ணியில குளிப்பாட்டினா சரியாகுமா?

கடின நீர் உள்ள பகுதிகளில் குழந்தைகளுக்குக் கரப்பான் கூடுதலாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் கூறுவது உண்மையே. ஆனால் தண்ணீரை மென்மையாக்கிக் கொடுத்தால் நோய் தணிகிறதா என்று இங்கிலாந்தில் 336 குழந்தைகளிடம் சோதித்து, 2011-இல் வெளியிட்ட முடிவில், வழக்கமான மருத்துவத்தைவிடக் கூடுதல் பயன் இல்லை என்று தெரிந்தது. ஆகவே மருத்துவர் தந்த களிம்பை நிறுத்திவிட்டு மழைநீரை நம்பக் கூடாது. மென்னீரில் சோப்பு குறைவாகவே போதும் என்பதால் தோல் வறட்சி சற்றுக் குறையலாம். அந்த அளவுக்கு மட்டும் எதிர்பார்க்கலாம். வெடித்துப் புண்ணான தோலில் காய்ச்சாத மழைநீர் படக் கூடாது. கைக்குழந்தைக்குக் கொதிக்க வைத்து ஆறவைத்ததையே பயன்படுத்துங்கள்.

ஸ்ப்ரே பாட்டில்ல அடைச்சு பன்னீர் மாதிரி முகத்துல அடிச்சுக்கிறேன். தப்பா?

தவிர்த்துவிடுங்கள். மழைநீர் உப்பில்தான் தூயது, கிருமியில் தூயதன்று. பாட்டிலுக்குள் சில நாளிலேயே கிருமிகள் பெருகும். அது கண்ணிலும் மூக்கிலும் தெறிக்கும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் லென்ஸைக் கழுவவோ, நீர்க்கோவைக்கு மூக்கைக் கழுவவோ இதை ஒருபோதும் எடுக்கக் கூடாது. முகம் கழுவ வேண்டுமென்றால், துணியில் நேரடியாகப் பிடித்ததைக் கொதிக்க வைத்து ஆறவைத்து அன்றே பயன்படுத்துங்கள்.

மழைத் தண்ணியில குளிச்சா சோப்பு போகவே மாட்டேங்குது, உடம்பு வழவழன்னு இருக்கு. ஏன்?

பாதிக்குப் பாதி சோப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடின நீரில் சோப்பின் ஒரு பங்கு திப்பியாகவே வீணாகும். அந்தக் கைக்கணக்கில் மழைநீரில் போட்டால் மிகுதி தோலிலேயே நிற்கும்.

மழை இல்லாத மாசத்துக்கு என்ன வழி? போர் தண்ணியைக் காய்ச்சலாமா, படிகாரம் போடலாமா, ஏசி தண்ணி எடுக்கலாமா?

காய்ச்சினால் பைகார்பனேட்டால் வந்த கடினத்தன்மை மட்டும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்து விலகும். சல்பேட், குளோரைடால் வந்தது அப்படியே இருக்கும். படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்குமே தவிர கடினத்தன்மையைக் குறைக்காது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு குறைவு என்றாலும், அது தூசியும் பூஞ்சையும் படிந்த செம்பு, அலுமினியப் பாகங்களின் மேல் வழிந்து வருவதால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் வேண்டாம், தலைக்கும் வேண்டாம். ஆர்ஓ கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். சுத்திகரித்த ஆர்ஓ தண்ணீர் 2 லிட்டர் இருந்தால் கடைசி அலசலுக்கு அது மழைநீருக்குச் சமம். மேலே சொன்ன எலுமிச்சை அலசலும் கைகொடுக்கும்.

எல்லா மழைத் தண்ணியையும் குழியில விட்டா போர் தண்ணியே மென்மையாயிடாதா? அப்புறம் எதுக்கு இந்தக் குடமெல்லாம்?

முழுக்க ஆகாது. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் போகும் வழியில் மீண்டும் கால்சியத்தைக் கரைத்துக்கொள்ளும். ஆனால் நம்முடையது கடலோரம். நிலத்தடியில் நன்னீர் நிறைந்திருக்கும் அளவுக்குக் கடல்நீர் பின்வாங்கும் என்பதால், நம் தெருவே சேர்ந்து செய்தால் சில ஆண்டுகளில் கிணற்றின் கரிப்பு குறையக்கூடும். 100 சதுர மீட்டர் மாடியில் 1200 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,20,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 96,000 லிட்டர் மிஞ்சும். தலையை அலச ஒரு குடம் எடுப்பதால் குழிக்கு எந்தக் குறையும் வராது.

தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசரமாக வெட்டிய குழிகள் பல, அதற்குப் பின் திறந்தே பார்க்கப்படாமல் சேறடைத்துக் கிடக்கின்றன. புரட்டாசிக்குள் மூடியைத் திறந்து, மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்து, பெரிய ஜல்லி அடியிலும் மணல் மேலேயுமாகத் திரும்ப நிரப்புங்கள். மாடிக் குழாயின் வாயில் வலை கட்டுங்கள். சாக்கடை நீரோ குளியலறை நீரோ அந்தக் குழிக்குள் போகும்படி யாராவது இணைத்திருந்தால், முதலில் அதைத் துண்டியுங்கள்.